உளுந்தூர்பேட்டையில் உடைந்த ஆக்ஸில்

மயிலாப்பூர்
17-7-1974

அண்ணன் அவர்களுக்குத் தங்கபுஷ்பம் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே மைனியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு ஒரே பஸ். அதில் ஏறி வந்து சொல்ல வேண்டியதைத் தபாலில் எழுதுகிறாளே என்று கேட்பீர்கள். அம்மாவின் பதினாறாம் நாளன்று, சொந்தபந்தம் எல்லார் முன்னாலும், "இனி என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னது நீங்கள். நான் மிதிக்கவில்லை. கடைக்குப் போன் போட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைத் தபால்காரர் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆகவேண்டும்.

விஷயம் அந்தக் கார் கம்பெனி. மே மாதம் ரயில் வேலைநிறுத்தம் நடந்தபோது அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. நீங்கள் முன்னாலேயே ஊருக்குப் போய் அம்மா பக்கத்தில் இருந்தீர்கள். அங்கிருந்தே உங்கள் பாத்திரக்கடைக்குத் தந்தி கொடுத்து, பாண்டி பஜார் குணசீலா டூரிஸ்ட் கார்ஸில் எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தீர்கள். நானும் எங்கள் வீட்டில் அவர்களும் மகள் சுந்தரவல்லியும் விடியற்காலை புறப்பட்டோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பின் ஆக்ஸில் உடைந்து வண்டி புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் குலாம் ரசூல் இறங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா பண்றதும்மா, ஆக்ஸிலே போய்க்கீது. இப்போ நீங்க செலவு பண்ணுங்க, பில்லைக் காட்டுனா கம்பெனில குடுத்துடுவாங்க" என்றார். கையில் இருந்தது சில்லறைப் பணம். நான் இரண்டு வளையலைக் கழற்றி உளுந்தூர்பேட்டை அடகுக்கடையில் வைத்தேன். லாரியில் கட்டி இழுத்துவந்த கூலி, விழுப்புரத்திலிருந்து சாமான் வரவழைத்தது, ஒர்க்‌ஷாப் செலவு, லாட்ஜ், டிரைவர் சாப்பாடு, வழியில் போட்ட பெட்ரோல், எல்லாம் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். ஒன்றரை நாள் போயிற்று. ஊருக்குப் போய் இறங்கினபோது முந்தின நாள் சாயந்தரமே அம்மாவை எடுத்துவிட்டீர்கள்.

அதை இப்போது பேச வரவில்லை. பணத்தைப் பேச வந்தேன். கம்பெனி ஆபீஸுக்கு மூன்று தடவை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் மானேஜர் தேசப்பன் வெளியே போயிருக்கிறார். ரிஜிஸ்தர் தபாலில் இரண்டு கடிதம் போட்டேன். யாரோ கிறுக்கிக் கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் திரும்பி வந்தது. கடைசியில் அங்கே இருக்கும் குமாஸ்தா மனமிரங்கி, வண்டியை யார் ஏற்பாடு செய்தார்களோ அவர்கள் எழுதிக் கேட்டால்தான் பணம் தருவார்கள் என்றார்.

ஆகவே நீங்கள் எழுத வேண்டும். ஒரு கடிதம், கீழே உங்கள் கையெழுத்து. வேறு ஒன்றும் கேட்கவில்லை. தை மாதத்துக்குள் மீட்காவிட்டால் வளையல் ஏலத்துக்குப் போய்விடும் என்று அடகுச் சீட்டில் எழுதியிருக்கிறது. சுந்தரவல்லியை அடையாறு இரும்புக்கடைக்காரர்கள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெறுங்கையோடு அவளை மணவறைக்கு அனுப்ப முடியாது.

தங்கை,
தங்கபுஷ்பம்


தியாகராய நகர்
26-7-1974

தங்கபுஷ்பத்துக்கு ராஜரத்தினம் எழுதியது.

உன் கடிதம் கிடைத்தது. கோர்ட் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். நடந்ததில் உன் பக்கத்தை மட்டும் எழுதினால் எப்படி? பதினாறாம் நாளன்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் நீ சொன்னது மறந்துவிட்டதா? "பெத்த தாயைக் குப்பை அள்ளிப் போடுற மாதிரி அவசரமா எடுத்துட்டாங்க" என்று பந்தலில் நின்று சத்தம் போட்டாய். மே மாத வெயில். ஐஸ் கட்டிக்கு ஆள் அனுப்பியும் கிடைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள், எடுத்தோம். நான் மனிதன்தானே.

ரயில் ஓடாதபோது எவன் தங்கைக்குக் கார் அனுப்பினான்? கிலோமீட்டருக்கு எண்பது பைசா வாடகை, போக வர ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல். அதை நான்தான் கம்பெனிக்குக் கட்டினேன். அதற்கு ஈடாக அம்மாவின் பாம்பட ஜோடியில் உன் பங்கு ஒன்றை நான் எடுத்துக்கொண்டதை நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நீ ஒத்துக்கொண்டுதானே கொடுத்தாய். ஒத்துக்கொண்டதைக் குற்றமாகச் சொல்லக்கூடாது.

கம்பெனிக்காரர்களை எனக்கு அவ்வளவாகப் பழக்கம் கிடையாது. கடைக்கு எதிரில் போர்டு பார்த்து ஏற்பாடு செய்ததுதான். வழியில் வண்டி கெட்டால் செலவு யாருடையது என்பதற்கு அவர்களுக்கு ஏதோ விதி இருக்கும். இருந்தாலும் உனக்காகப் பேசிப் பார்க்கிறேன். அதற்கு ஒர்க்‌ஷாப் பில் வேண்டும். ஒரிஜினல் பில்லை அப்படியே கவரில் வைத்து எனக்கு அனுப்பு. நகல் வேண்டாம், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீ இனி அந்த ஆபீஸுக்குப் போகாதே. பெண்பிள்ளை அங்கே போய் நிற்பது நன்றாக இல்லை.

சுந்தரவல்லி விஷயம் சந்தோஷம். வேண்டியதைத் தாய்மாமன் செய்வான். கோபம் உன்மேல்தான், பிள்ளைமேல் இல்லை.

ராஜரத்தினம்


மயிலாப்பூர்
11-8-1974

அண்ணன் அவர்களுக்கு,

பேசிப் பார்க்கிறேன் என்று எழுதியதே பெரிய காரியம். ஆனால் ஒரிஜினல் பில்லை அனுப்ப எங்கள் வீட்டில் அவர்கள் சம்மதிக்கவில்லை. மளிகைக்கடை நடத்துகிறவருக்குச் சீட்டைக் கையைவிட்டால் சரக்குப் போனது போல. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கம்பெனிக்கு இரண்டு கடிதம் போட்டு அட்டைதான் மிச்சம், பில்லும் போனால் என் கையில் என்ன இருக்கும்?

நகல் அனுப்பியிருக்கிறேன். பில் முழுக்க இங்கிலீஷில் இருக்கிறது. எனக்கும் அவர்களுக்கும் தமிழ்தான். அதனால் கடையிலிருந்து கார்பன் தாள் வாங்கி, அடியில் வெள்ளைத்தாள் வைத்து, பில்லில் உள்ள எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டினேன். ஒரு புள்ளி, ஒரு சுழி விடவில்லை. மெக்கானிக், பில் போடும்போது டிரைவரிடம் வண்டியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்துத்தான் எழுதினான். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஒர்க்‌ஷாப் மட்டும் இருநூற்று எழுபத்தைந்து. மற்றதற்குச் சீட்டுக் கிடையாது. புளியமரத்தடியில் லாரிக்காரனிடம் ரசீது கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா இருக்கிறாளா போய்விட்டாளா என்றுதான் தோன்றியது.

பாம்படத்தைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லவில்லை. இரண்டு பேரிடம்தான் சொன்னேன். நீங்கள் வாடகை கட்டியது என் தலையில் பாரம்தான், அதனால்தான் வாய் பேசாமல் கழற்றிக் கொடுத்தேன். அம்மாவின் காதில் கிடந்ததைக் கையில் வைத்திருந்தது இரண்டே நாள்.

தங்கை,
தங்கபுஷ்பம்


தியாகராய நகர்
16-8-1974

தங்கம்,

நகல் வந்தது. இதை வேறு யாரிடமாவது காட்டினாயா? மாப்பிள்ளையைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்காதே. இந்த மாதிரிக் கம்பெனிக்காரர்கள் வில்லங்கம் பிடித்தவர்கள், பில்லைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கேஸ் போட்டாலும் போடுவார்கள். என் கடைப் பையன் நாளை வருவான். ஒரிஜினலை உறையில் போட்டு ஒட்டி அவனிடம் கொடுத்துவிடு. இருநூறு ரூபாய் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், என் சொந்தப் பணம். மீதியைக் கம்பெனியில் வாங்கித் தருகிறேன்.

கல்யாணத்துக்கு வெண்கலப் பாத்திரம் எல்லாம் நம் கடையிலிருந்து. குத்துவிளக்கு ஜோடி எடுத்து வைத்துவிட்டேன். நீ வீட்டுக்கு வரலாம். பழையதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ராஜரத்தினம்


மயிலாப்பூர்
2-9-1974

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடைப் பையன் இரண்டு தடவை வந்து, பில்லும் இல்லாமல், உங்கள் இருநூறையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனதை அவன் சொல்லியிருப்பான். ஏன் என்று இப்போது எழுதுகிறேன்.

பதினாறாம் நாளன்று வாசலை மிதிக்காதே, ஆகஸ்டில் வீட்டுக்கு வா. நடுவில் என்ன நடந்தது? ஒரு நகல் போயிற்று, அவ்வளவுதான். அந்தத் தாளைப் பார்த்ததும் உங்களுக்குத் தங்கை ஆனேன், "தங்கம்" ஆனேன், குத்துவிளக்கு வேறு வந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதே தவிர உங்களைத் தெரியும். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பில்லை எடுத்துக்கொண்டு பக்கத்துப் போர்ஷன் காமாக்ஷியிடம் போனேன். ஆழ்வார்பேட்டையில் டைப்பிஸ்டாக இருக்கும் பெண். அவள் ஒரு தடவை வாசித்தாள், மறுபடி வாசித்தாள். பிறகு கேட்டாள். "அக்கா, இது கம்பெனி பேர்ல இல்லையே. வண்டி ஓனர் மிஸஸ் ஆர். ஜெயபாரதின்னு போட்டிருக்கு. கீழே தியாகராய நகர் அட்ரஸ். உங்காத்துல அந்தப் பேர்ல யாராவது இருக்காளா?"

இருக்கிறார்கள் என்று சொன்னேன். என் அண்ணன் பெண்டாட்டி என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மைனி பெயரை ஒரு எழுத்து விடாமல் நானே பென்சிலால் எழுதி, நானே ஸ்டாம்பு ஒட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். படித்தவர் நீங்கள், படிக்காதவளுடைய முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்தீர்களா, பயந்தீர்களா?

அதோடு விடவில்லை. கம்பெனி வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் குலாம் ரசூலைப் பிடித்தேன். பாவம், அவர் எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்திருக்கிறார். "உங்க அண்ணன் வண்டிதானேம்மா. பின்னாடி சத்தம் வருதுன்னு மூணு வாட்டி சொன்னேன். இன்னொரு டிரிப்பு போய்ட்டு வரட்டும், பாத்துக்கலாம்னாரு. உங்களைத்தான் ஏத்திக்கினு போறோம்னு தெரிஞ்சும் அதையே அனுப்பச் சொல்லித் தந்தி குடுத்துக்கீறாரு. மத்த ரெண்டு வண்டியும் கல்யாண பார்ட்டிக்குப் போயிருச்சு" என்றார்.

அண்ணன், எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் இதை மட்டும் போட்டுப் பார்த்தேன். உங்கள் வண்டியை உங்கள் தங்கைக்கு உங்கள் அம்மா சாவுக்கு வாடகைக்கு விட்டீர்கள். வாடகையை நீங்களே உங்களுக்குக் கட்டினீர்கள். கட்டியதற்கு ஈடாக அம்மா காதில் கிடந்த பொன்னை என் கையிலிருந்து வாங்கினீர்கள். வண்டி கெடப்போகிறது என்று தெரிந்தே அனுப்பினீர்கள். கெட்டதற்கு நான் வளையலை விற்காத குறையாக அடகு வைத்தேன். பிறகு மூன்று தடவை என்னைப் பாண்டி பஜார் மாடிப்படியில் ஏறி இறங்க விட்டீர்கள். ஒரு பெண் வந்து வந்து போனதை உங்களுக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

நல்ல வண்டி இல்லை என்றால் அனுப்பாமல் இருந்திருக்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருப்போம். இரண்டாம் நாள் காலையில் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன். எனக்கு ஆறாதது அதுதான். பணம் அதற்கு அப்புறம்.

தங்கபுஷ்பம்


தியாகராய நகர்
20-9-1974

தங்கம்,

பதினைந்து நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வந்ததை எழுதுகிறேன்.

கம்பெனி என்னுடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஜெயபாரதியின் நகையை விற்று முதல் வண்டி வாங்கினேன், அதனால் அவள் பெயரில் இருக்கிறது. முன்னால் நிற்பதற்குத் தேசப்பனை வைத்தேன். சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான். தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று ஆளுக்கு ஒரு நாள் ஓசியில் கேட்பார்கள். இல்லை என்றால் பகை. பெட்ரோல் இந்த ஒரு வருஷத்தில் ஏறிய ஏற்றத்தில் வண்டி ஓடினாலும் நஷ்டம், நின்றாலும் நஷ்டம். பாத்திரக்கடை லாபத்தை எடுத்து இதில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத கஷ்டம்.

சத்தம் வந்தது என்று டிரைவர் சொன்னது உண்மை. ஆக்ஸில் என்று எனக்குத் தெரியாது. ஒரு டிரிப் தாங்கும் என்று நினைத்தேன். உன்னை ஏற்றி அனுப்பினால் உடைய வேண்டும் என்று எந்த அண்ணன் நினைப்பான்? நீங்கள் வருவீர்கள் என்று முதல் நாள் பூராவும் ஊர் எல்லையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கோ உடைந்திருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவளை எடுக்கும்போது கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் அம்மாவும்தான் தங்கம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ மூன்றாவது தடவை ஆபீஸுக்கு வந்தபோது உள்ளறையில் நான் இருந்தேன். உன் குரல் கேட்டது. தண்ணீர் வேண்டுமா என்று குமாஸ்தா கேட்டதற்கு வேண்டாம் என்றாய். எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளி, பொய்யை மூட இன்னொரு பொய்.

நானூற்றுப் பன்னிரண்டும் வந்துவிடும். என் பெயரில் மணியார்டர் அனுப்பினால் மாப்பிள்ளை கடைக்கு வருகிறவர்கள் வாய்க்கு அவல் ஆகும். அதனால் கம்பெனி பெயரில் வரும். கார் விஷயம் நம்மோடு இருக்கட்டும், ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம். சுந்தரவல்லி கல்யாணத்தில் மாமன் இடத்தில் நான் நிற்க வேண்டும். அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். என்னைத் திட்டு, அடி. அதை மட்டும் எடுத்துவிடாதே.

உன் அண்ணன்,
ராஜரத்தினம்


மயிலாப்பூர்
12-12-1974

குணசீலா டூரிஸ்ட் கார்ஸ் மானேஜர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் கம்பெனி அனுப்பிய மணியார்டர் ரூபாய் 412 சென்ற வாரம் கிடைத்தது. இரண்டரை மாதம் கழித்து வந்தாலும் முழுதாக வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. கூப்பனில் "ரிப்பேர் செலவு, பாக்கி இல்லை" என்று டைப் அடித்திருந்தது. திருப்பி அனுப்பிவிடு என்று என் கணவர் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணன் அனுப்பியிருந்தால் திருப்பியிருப்பேன். கம்பெனி அனுப்பினால் அது எனக்கு வரவேண்டிய பணம், அதில் வெட்கம் இல்லை. என் கணவர் உளுந்தூர்பேட்டை போய் வளையலை மீட்டு வந்தார். வட்டி முப்பத்தெட்டு ரூபாய் நாங்கள் கட்டினோம். அதை நான் கேட்கவில்லை.

பாம்படத்தையும் கேட்கவில்லை. கார் கம்பெனிக்கு அதைப் பற்றி என்ன தெரியும்.

என் மகள் சுந்தரவல்லிக்குத் தை மாதம் பதினேழாம் தேதி வியாழக்கிழமை, வடபழனி முருகன் கோயிலில் கல்யாணம். மாமன் இடத்தில் என் பெரியப்பா மகன் கருணாகரன் நிற்கிறார். அவர் வாடகைச் சைக்கிளில் வந்து சம்மதம் சொல்லிவிட்டுப் போனார். சுந்தரவல்லி இரண்டு நாள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிறகு சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கப் போய்விட்டேன்.

தங்கள் கம்பெனியில் பணம் போட்டிருக்கும் ராஜரத்தினம் என்பவரிடம் ஒரு செய்தி சொல்லவும். கார் விஷயத்தை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார். நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். கூடப்பிறந்த தாய்மாமன் இருக்கும்போது மணவறையில் வேறு ஆள் ஏன் நிற்கிறார் என்று ஊரார் அவரைத்தான் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டு ஆள் யாரும் அவர் வீட்டுக்கு வரமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை கம்பெனி முகவரிக்குத் தபாலில் வரும்.

இப்படிக்கு,
அ. தங்கபுஷ்பம்
க/பெ. அய்யாதுரை